திபெத்தில் ரயில் ஓடுகிறதே!

கேள்வி: லாசாவுக்கு ரயில் விட்டார்கள். சாலை போட்டார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள். அப்புறமும் அடக்குமுறை என்று பேசுவது தலாய் லாமாவின் பிரிவினைப் பிரசாரம்தானே?
- வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: ரயில் 2006-லிருந்து ஓடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் 2012-இல் லாசாவில் இருவர் தீக்குளித்த பிறகு, பக்கத்துச் சீன மாகாணங்களான சிங்ஹாய், சிச்சுவானில் வாழும் திபெத்தியர்கள் அந்த நகருக்குள் நுழையவே தனி அனுமதி வாங்க வேண்டியதாயிற்று. சீனச் சுற்றுலாப் பயணிக்கு அந்தத் தொல்லை இல்லை.

தலாய் லாமா பல பத்தாண்டுகளாகக் கேட்பது சீனாவுக்குள்ளேயே தன்னாட்சி. சரி, அவரை விடுங்கள். சிங்ஹாய் மாகாணத்தின் யூஷுவில் கடை வைத்திருந்த தாஷி வாங்சுக்கைப் பாருங்கள். அவர் ஊர் அரசுப் பள்ளிகளில் திபெத்திய மொழி பேருக்குத்தான் இருந்தது. மடாலயத்தில் பொதுமக்களுக்கு அதைக் கற்றுத்தரக்கூடாது என்று அதிகாரிகள் தடுத்துவிட்டார்கள். ஒவ்வோர் இனமும் தன் மொழியைப் பயன்படுத்தலாம், வளர்க்கலாம் என்று சீன அரசியல் சட்டத்தின் 4-ஆம் பிரிவு சொல்கிறது. அதை நம்பி, அதிகாரிகள் மேல் வழக்குப் போட பெய்ஜிங் போனார். வழக்கை எடுத்து நடத்த ஆள் கிடைக்கவில்லை. 2015-இல் நியூயார்க் டைம்ஸ் எடுத்த குறும்படத்தில் முகத்தை மறைக்காமல், சொந்தப் பெயரிலேயே பேசினார். தனிநாடு கேட்கவில்லை என்றும் சொன்னார். 2016 ஜனவரியில் பிடித்துக்கொண்டு போனார்கள். பிரிவினையைத் தூண்டினார் என்று 2018-இல் தீர்ப்பு, ஐந்தாண்டு சிறை. நீதிமன்றத்தில் அவருக்கு எதிராகக் காட்டிய முக்கிய ஆதாரமே அந்தப் படம்தான். முழுத் தண்டனையும் கழித்து 2021 ஜனவரியில் வெளியே வந்தார். சட்டப் புத்தகத்தில் இருப்பதைக் கேட்டவருக்கே இந்த கதி.

பள்ளிக்கூடம் கட்டியதையும் சொல்கிறீர்கள். சுமார் பத்து லட்சம் திபெத்தியப் பிள்ளைகள் பெற்றோரைப் பிரிந்து அரசு விடுதிப் பள்ளிகளில் இருப்பதாக 2023 பிப்ரவரியில் ஐ.நா. நிபுணர்கள் கவலை தெரிவித்தார்கள். பாடம் பெரும்பாலும் சீன மொழியில். கிராமப் பள்ளிகள் மூடப்பட்டுவிட்டன. மக்கள் சிதறி வாழும் மேட்டு நிலம், அதனால் விடுதி வேண்டும், விரும்பித்தான் சேர்கிறார்கள் என்கிறது சீன அரசு. இருக்கட்டும். அதே சிங்ஹாய் மாகாணத்தில், கோலோக் பகுதியின் ராக்யாவில் மேய்ச்சல்காரர்களின் பிள்ளைகள் தங்கிப் படித்த பள்ளி ஒன்று இருந்தது. ஒரு திபெத்தியத் துறவி 1994-இல் தொடங்கியது. இலவசக் கல்வி, திபெத்திய மொழியோடு கணினியும் மருத்துவமும் சொல்லிக்கொடுத்தார்கள். 2024 ஜூலையில் அதையும் மூடவைத்தார்கள். விடுதிதான் தேவை என்றால், இந்த விடுதிப் பள்ளி என்ன தப்பு செய்தது?