எரு போட்டும் கத்தரி ஏன் வெளுக்கிறது?

கேள்வி: ஐயா, ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு ஏக்கரில் கத்தரி நட்டு 25 நாள் ஆகிறது. நடவுக்கு முந்தின வாரம் இரண்டு டிராக்டர் மாட்டு எரு விலைக்கு வாங்கி இறைத்தேன். ரசாயன உரம் போடவில்லை. செடி எழும்பவே இல்லை, இலை வெளுக்கிறது. கடைக்காரர் வளர்ச்சி ஊக்கி என்று ஹியூமிக் அமிலம் இரண்டு பாட்டில் கொடுத்திருக்கிறார். டேங்குக்கு எத்தனை மில்லி ஊற்றுவது?

பதில்: மில்லி கணக்கு அப்புறம். எந்த இலை வெளுக்கிறது என்று நீங்கள் எழுதவே இல்லையே! குருத்திலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறை. அடி இலையில் தொடங்கினால் தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறை. உங்களுடையது இரண்டாவது என்றுதான் படுகிறது.

செடியோரம் நான்கு விரல் ஆழம் கிளறி ஒரு கட்டி எருவை உடைத்துப் பாருங்கள். வைக்கோல் வைக்கோலாகவே கிடந்து, சாண வாடையும் அடித்தால், நீங்கள் வாங்கியது எரு இல்லை, மக்காத பச்சைக் குப்பை. வைக்கோலில் ஒரு பங்கு தழைச்சத்துக்குச் சுமார் 80 பங்கு கரிமம் (கார்பன்). அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு 25, 30 பங்கு கரிமத்துக்கே ஒரு பங்கு தழைச்சத்து வேண்டும். குறைகிறதை மண்ணிலிருந்து பிடுங்கிக்கொள்ளும்; கத்தரி பட்டினி கிடக்கும். ஐந்து டன் எரு என்றால் 25 கிலோ தழைச்சத்து என்பது ஏட்டுக் கணக்குதான். ஆட்டு எரு அவ்வருஷம், மாட்டு எரு மறுவருஷம் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

இப்போதைக்கு 15 கிலோ யூரியாவைச் செடியோரம் வைத்து மண் அணைத்துத் தண்ணீர் விடுங்கள். யூரியாவே ஆகாது என்றால் 100 கிலோ கடலைப் புண்ணாக்கு. தழைச்சத்து இரண்டிலும் ஏறக்குறைய ஏழு கிலோதான், புண்ணாக்கு கொஞ்சம் மெதுவாக வேலை செய்யும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது எருக்குழியைப் பற்றி. வெயிலில் குவித்த சாணத்தை டிராக்டர் கணக்கில் விற்கிறவர் பாதி மண்ணையும் தண்ணீரையும்தான் விற்கிறார். வீட்டில் மாடு இருந்தால் நிழலில் மூன்றடி ஆழக் குழி எடுங்கள். தொழுவத்தில் கூளம் பரப்பி, கோமியம் ஊறியதும் சாணத்தோடு வாரிக் குழியில் போட்டு மேலே மண் மூடுங்கள். மாடு கழிக்கும் தழைச்சத்தில் ஏறக்குறைய பாதி கோமியத்தில் போகிறது. அதைச் சாக்கடைக்கு விட்டுவிட்டுக் கடையில் பாட்டில் வாங்குகிறோம். நாலு மாதம் கழித்துக் குழிக்குள் கையை விட்டால் சூடு இருக்கக்கூடாது. ஒரு சட்டியில் அந்த எருவைக் கொஞ்சம் மண்ணோடு கலந்து கீரை விதை தூவுங்கள். ஒழுங்காக முளைத்தால் வயலுக்குப் போகலாம்.

ஹியூமிக்கா? அதில் தழைச்சத்து என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. சோறு வைக்காத இலையில் ஊறுகாய் வைக்கிற வேலை. மூடி திறக்காமல் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புண்ணாக்கு வாங்குங்கள்.