தற்கொலைத் தடுப்பில் ஊராட்சிக்கு என்ன வேலை இருக்கிறது?

“இது சுகாதாரத் துறை வேலைதானே, பஞ்சாயத்து இதில் என்ன செய்துவிட முடியும்?” என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு காலத்தில் நானும் இதையே கேட்டவன்தான். 2019 டிசம்பர் தேர்தலில் ஜெயித்து, ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கம் ஒரு கடலோர ஊராட்சியில் ஐந்து வருஷம் வார்டு மெம்பராக இருந்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ஒரு வருஷம், மீன்பிடித் தடைக்காலம் முடியப்போகிற நேரத்தில் என் வார்டில் ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். எப்படி என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அடக்கம் முடிந்து பந்தலில் உட்கார்ந்திருந்தபோதுதான் கவனித்தேன், ஆளுக்கு ஒரு துண்டு தெரிந்திருக்கிறது. அவருடைய எஞ்சின், கூலி கொடுத்து எடுக்க முடியாமல் ஒன்றரை மாதமாகப் பட்டறையில் கிடந்தது மெக்கானிக்குக்குத் தெரியும். அந்த வீட்டுத் தவணையை மூன்று வாரமாகக் குழுப் பெண்களே கைக்காசு போட்டுக் கட்டியது குழுத் தலைவிக்குத் தெரியும். ராத்திரி தூக்கமே இல்லை என்று அவர் சொன்னது, பிரஷர் பார்க்க வீடுவீடாக வரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அக்காவுக்குத் தெரியும். காலை டீக்கு வருவதையே அவர் நிறுத்திவிட்டது எனக்கே தெரியும். கடன்தான் காரணம் என்று சொல்லமாட்டேன், இப்படி ஒரு சாவுக்கு ஒற்றைக் காரணம் சொல்கிறவர்களை நான் நம்புவதும் இல்லை. ஆனால் இந்த நாலு துண்டையும் சேர்த்து வைக்க ஊரில் ஓர் இடம் இல்லை. பஞ்சாயத்தின் வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. கவுன்சிலிங் நம் வேலை இல்லை, அதற்குப் படித்தவர்கள் இருக்கிறார்கள்.

அந்த ஆகஸ்ட் 15 கிராம சபையில் எழுந்து இதைப் பேசினேன். கிளார்க் பேனாவைப் பிடித்தபடி, “மெம்பரே, இதை எந்தத் தலைப்புல எழுத?” என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். குடிநீர், தெருவிளக்கு, சுகாதாரம், நூறு நாள் வேலை என்று தலைப்புகள் இருந்தன, அதில் சுகாதாரம் என்றால் குப்பையும் சாக்கடையும்தான். கடைசியில் ‘இதர’ என்று போட்டு, தெருநாய்த் தொல்லைக்கு அடுத்து எழுதினார். அக்டோபர் 2 கூட்டத்தில் அது என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சட்டத்தில் குறை இல்லை. தற்கொலையைக் குறைக்கத் திட்டம் போட்டு நடத்துவது அரசின் கடமை என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 29ஆவது பிரிவு சொல்கிறது. 2022 நவம்பரில் வந்த தேசிய தற்கொலைத் தடுப்பு உத்தி, 2030க்குள் 10 சதவீதம் குறைக்க வேண்டும் என்கிறது. சரி, எங்கள் ஊருக்குப் பத்து சதவீதம் என்றால் எத்தனை பேர்? தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைப்படி 2022இல் தமிழ்நாட்டில் 19,834 பேர். ஆனால் அந்த அறிக்கை மாநிலத்தையும் பெருநகரங்களையும்தான் பார்க்கிறது, ஊர்க் கணக்கு போலீஸ் ஸ்டேஷன் ஃபைலில் இருக்கிறது, கிராம சபைக்கு வருவதில்லை. பிழைத்தவர்களின் கதை அதற்கும் மேல். கேஸ் ஆகிவிடும் என்று பயந்து வயிற்றுவலி என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார்கள். முயற்சி செய்தவரைத் தண்டிக்கிற, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவே 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் கிடையாது. இதை ஊரில் எத்தனை பேரிடம் யார் சொன்னார்கள்?

இங்கிலாந்தில் பொதுச் சுகாதாரம் 2013 முதல் உள்ளாட்சிகளின் கையில் இருக்கிறது. அங்கே கிட்டத்தட்ட எல்லா உள்ளாட்சியும் தற்கொலைத் தடுப்புத் திட்டம் வைத்திருந்தும், 2017இல் அவர்களுடைய நாடாளுமன்றச் சுகாதாரக் குழு, திட்டம் இருக்கிறது என்பது போதாது, அது உருப்படியாக நடக்கிறதா என்று யாராவது பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. நமக்கு இது புதிய பாடமா என்ன? மனநல இல்லங்களுக்கு லைசென்ஸ் வேண்டும் என்று 1987 சட்டத்திலேயே இருந்தது, போய்ப் பார்க்கத்தான் ஆள் இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று நம் ஏர்வாடியில் ஒரு மனநல இல்லத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயில் சிக்கி, 28 உயிர் போனது.

ஊராட்சியால் முடிகிற வேலை எதுவும் பெரிய வித்தை இல்லை. எங்கள் கரையில் கஷ்டம் தேதி சொல்லித்தான் வருகிறது: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். நிவாரணம் 8,000 ரூபாய் எந்தத் தேதியில் கைக்கு வருகிறது என்று பார்ப்பதுகூட என்னைப் பொறுத்தவரை தற்கொலைத் தடுப்புதான். அந்த இரண்டு மாதம் வசூல்காரர்கள் இருட்டிய பிறகு வாசலில் வந்து உட்காரக்கூடாது என்று தீர்மானம் போடலாம். படகு இலங்கைக் கடற்படையிடம் சிக்கிய வீடு, ஆள் சிறையில் இருக்கிற வீடு, இதற்கு ஒரு பட்டியல் வைத்து நர்சம்மாவும் குழுத் தலைவியும் வாரம் ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும். விஷயம் அந்த மூன்று நான்கு பேரைத் தாண்டக்கூடாது, டீக்கடைக்குப் போனால் கெட்டது. மீன் ஏலக்கூடத்துச் சுவரில் மனநல உதவிக்கான 14416, சுகாதார உதவிக்கான 104 இரண்டு எண்ணையும் பெரிதாக எழுதலாம், இரண்டுமே இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். உரக்கடையில் விற்கிற பூச்சிமருந்து விஷயத்துக்கு அக்கரையையே பாருங்கள். 1995 வாக்கில் உலகிலேயே மோசமான தற்கொலை விகிதம் வைத்திருந்த நாடுகளில் ஒன்று இலங்கை. கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்து அதை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவந்துவிட்டார்கள். தடை போடுவது ஊராட்சியால் ஆகாது, ஆனால் தடை செய்த சரக்கு நம் கடைத்தெருவில் விற்கிறதா என்று கேட்கலாம்.

எங்கள் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்து, தனி அலுவலர் வந்தார். மெம்பராக இருந்தபோது கேட்காததை இப்போது கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்களும் உங்கள் ஊர் கிராம சபையில் போன தீர்மானத்தை வாசிக்கச் சொல்லி, யார் பொறுப்பு, என்ன நடந்தது என்று கேளுங்கள். தலைப்பு கேட்டால் சுகாதாரம் என்றே எழுதச் சொல்லுங்கள், ‘இதர’வில் போட விடாதீர்கள்.