பயணச் சிறுகதைகளை எதைக் கொண்டு கோப்பது?

வழியில் சந்திக்கும் முன்பின் தெரியாதவர்களை வைத்துப் பத்துக் கதைகள் எழுதுகிறேன், எப்படி இணைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே நாயகனை எல்லாக் கதைக்கும் இழுத்து வராதீர்கள், அது நாவலாகிவிடும். ஒவ்வொன்றும் தனியாகப் படித்தாலும் நிற்கவேண்டும். இணைக்கிற வேலையைப் பாதையிடமே விடுங்கள்.

சிங்கப்பூரின் குவீன் ஸ்ட்ரீட்டிலிருந்து மலேசியாவில் ஜொகூர் பாருவின் லார்க்கினுக்குப் போகும் 170ஆம் எண் பேருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் எல்லையிலுள்ள உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கவேண்டும். குடிநுழைவு முடிந்ததும் அடுத்து வருகிற பேருந்தில் ஏறுவோம். அதுவரை மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேசிவந்த பக்கத்து இருக்கை அம்மா வரிசையில் காணாமல் போய்விடுவார். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. கதையை அந்தப் பாதியிலேயே நிறுத்துங்கள். மீதிப் பேச்சு, இரு நாட்டையும் இணைக்கும், 1924இல் திறந்த கடற்பாலத்தின் மேல், வேறொரு கதையில் வேறொருவர் காதில் விழட்டும்.

அப்புறம், ஒரு பொருளும் உதவும். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் வாங்கிய மல்லிகைச் சரம் முதல் கதையில் மொட்டாக இருக்கட்டும். நான்காவதில் பேருந்தெல்லாம் மணக்கட்டும். கடைசியில் இருக்கையில் வாடிக் கிடக்கட்டும். எல்லாம் ஒரே நாளில் நடந்தவை என்பதை வாசகர் அதை வைத்தே பிடித்துவிடுவார்.