நிறுவனத்தின் சார்பில் இணையத்தில் வெளியிடும் அறிவிப்பை மக்கள் நம்பும்படி எழுதுவது எப்படி?

"பிழையில்லாமல், மரியாதையான தமிழில்தான் அறிவிப்புகளை எழுதுகிறோம், ஆனாலும் படிப்பவர்கள் நம்புவதில்லை, ஏன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கோயம்புத்தூரில் சிறு நிறுவனங்களுக்கும் நடுத்தர நிறுவனங்களுக்கும் அறிவிப்புகளும் வாடிக்கையாளர் மடல்களும் எழுதிக் கொடுப்பது என் தொழில். பல ஆண்டுகளாக இதையே செய்துவருவதால் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும். பெரும்பாலான அறிவிப்புகளில் நம்பிக்கை குலைவது ஒரே இடத்தில்தான்; அது வாக்கியத்தில் எழுவாய் காணாமல் போகும் இடம்.

நாம் எல்லோரும் படித்துப் பழகிய வாசகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். "தவிர்க்க முடியாத காரணங்களால் சேவையில் தடங்கல் ஏற்பட்டுள்ளது. வாடிக்கையாளர்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்." இதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை, மரியாதைக்கும் குறைவில்லை. ஆனால் தடங்கலை உண்டாக்கியவர் யார், எவ்வளவு நேரம் அது நீடிக்கும், கட்டிய பணம் என்னவாகும் என்று எதுவுமே இதில் இல்லை. ஏற்பட்டது, நேர்ந்தது, நிகழ்ந்துவிட்டது என்று செய்தவரைக் குறிப்பிடாமலே வாக்கியத்தை முடித்துவிடுவதற்குத் தமிழ் தாராளமாக இடம் கொடுக்கிறது. மழை பெய்ததைச் சொல்வதுபோல நம் தவற்றையும் சொல்லிவிடலாம். வீட்டில் பிள்ளை வந்து "தட்டு உடைஞ்சிருச்சு" என்றால், "யார் உடைச்சது?" என்பதுதான் அம்மாவின் முதல் கேள்வியாக இருக்கும். அறிவிப்பைப் படிப்பவரும் அதையேதான் கேட்கிறார். பதில் கிடைக்காதபோது, எதையோ மறைக்கிறார்கள் என்று அவராகவே முடிவு செய்துகொள்கிறார்.

இது சிறு நிறுவனங்களுக்கு மட்டும் உரிய குறை இல்லை. 2017 ஏப்ரல் 9 அன்று சிகாகோவிலிருந்து லூயிவில் செல்லவிருந்த யுனைடெட் ஏர்லைன்ஸ் 3411 விமானத்தில், ஊழியர்கள் நால்வருக்கு இடம் தேவைப்பட்டதால், பணம் கட்டி இருக்கையில் அமர்ந்திருந்த பயணி ஒருவரைப் பாதுகாப்பு அதிகாரிகள் இழுத்து வெளியேற்றினார்கள். முகத்தில் ரத்தம் வழிய அவர் இழுத்துச் செல்லப்பட்ட காட்சியை சகபயணிகள் கைபேசியில் பதிவு செய்ய, அது உலகம் முழுவதும் பரவியது. மறுநாள் தலைமைச் செயல் அதிகாரி ஆஸ்கர் முனோஸ் வெளியிட்ட அறிக்கையோ, இந்தப் பயணிகளுக்கு "மாற்று ஏற்பாடு" செய்ய நேர்ந்ததற்காக வருந்துவதாகக் கூறியது. ஒரு மனிதர் இழுத்துச் செல்லப்படுவதைக் கண்ணால் பார்த்துவிட்ட மக்களிடம் "மாற்று ஏற்பாடு" என்ற சொல் எடுபடவில்லை. அதே நாளில் ஊழியர்களுக்கு அவர் எழுதிய கடிதமும் வெளியே கசிந்தது. அதில் பழி பயணியின் மீதே போடப்பட்டிருந்தது. ஏப்ரல் 11 அன்று வெளியான அடுத்த அறிக்கையில்தான் அவர் முழுப் பொறுப்பை ஏற்று, யாரும் இப்படி நடத்தப்படக் கூடாது என்று எழுதினார். இது நடப்பதற்கு ஒரு மாதம் முன்புதான், மக்கள் தொடர்புத் துறைக்கான பிஆர்வீக் இதழின் அமெரிக்கப் பதிப்பு அவரை அந்த ஆண்டின் சிறந்த தொடர்பாளராகத் தேர்ந்தெடுத்திருந்தது. ஆகவே, எழுதத் தெரியாமல் நேர்ந்த பிழையாக இதை நான் பார்க்கவில்லை. நடந்ததற்கு நடந்த பெயரை வைக்க மனம் வராததால் நேர்ந்த பிழை இது. அந்தத் தயக்கத்துக்கு இரண்டு நாளில் மூன்று விதமான வாசகம் தேவைப்பட்டது.

அதே ஆண்டு ஜனவரி 31 அன்று நடந்த வேறொரு சம்பவத்தையும் நான் அடிக்கடி எடுத்துக்காட்டுவேன். மென்பொருள் எழுதுவோர் தங்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்லேப் தளத்தில், இரவு நேர நெருக்கடியில் வேலை செய்துகொண்டிருந்த பொறியாளர் ஒருவர், துணைச் சர்வரில் கொடுக்க வேண்டிய அழிப்புக் கட்டளையை முதன்மைச் சர்வரில் கொடுத்துவிட்டார். சுமார் 300 ஜிபி தரவு போய்விட்டது. அந்நிறுவனம் தவறுதலாகத் தரவை அழித்துவிட்டோம் என்று ட்விட்டரில் எழுதியது. என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பதை எல்லோரும் படிக்கக்கூடிய கூகுள் ஆவணத்தில் அவ்வப்போது பதிவு செய்தது. மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவும் காட்டியது. தாங்கள் வைத்திருந்த ஐந்து காப்புப் பிரதி முறைகளில் ஒன்றுகூட நம்பும்படி வேலை செய்யவில்லை என்பதையும் அவர்களே எழுதினார்கள். கடைசியில், ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு முந்தைய பிரதி ஒன்றிலிருந்துதான் தரவை மீட்டார்கள். இடைப்பட்ட நேரத்துப் பதிவுகள் திரும்பி வரவே இல்லை. சேதம் உண்மையிலேயே பெரியது. ஆனாலும் அவர்களுடைய வெளிப்படைத்தன்மையைப் பாராட்டி ஏராளமானோர் எழுதினார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: பிறகு வெளியிட்ட அறிக்கையில் அந்தப் பொறியாளரின் பெயரைச் சொல்லாமல் "குழு உறுப்பினர் 1" என்றே குறிப்பிட்டார்கள். எழுவாய் வேண்டும் என்று நான் சொல்வது இந்தப் பொருளில்தான். எழுவாயாக நிற்க வேண்டியது நிறுவனம். ஊழியர் ஒருவரைப் பிடித்து முன்னால் நிறுத்துவது பொறுப்பேற்பு ஆகாது.

இனி, என் கைப்பட எழுதிய ஓர் அறிவிப்பின் கதைக்கு வருகிறேன். வெட் கிரைண்டர் தயாரிக்கும் நிறுவனம் ஒன்று, பெயர் வேண்டாம், ஒரு மாதத்தில் தயாரித்த கிரைண்டர்களில் சுவிட்ச் பகுதிக்குள் நீர் கசிவதைக் கண்டுபிடித்தது. ஈரக் கையால் தொட்டால் மின்னதிர்ச்சி வரலாம் என்பதால், விற்றவற்றைத் திரும்பப் பெற்றுச் சரிசெய்து தர முடிவெடுத்தார்கள். அலுவலகத்தில் எழுதி வைத்திருந்த வாசகம், "எங்கள் தரக் கொள்கையின் ஒரு பகுதியாக" என்று தொடங்கி, நிறுவனத்தின் நீண்ட பாரம்பரியத்தைச் சொல்லி, ஐந்தாவது வரியில்தான் சுவிட்ச் விஷயத்துக்கு வந்தது. நான் அதை எடுத்துவிட்டு, "கிரைண்டரை உடனே நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். நாங்கள் பொருத்திய சுவிட்ச் உறையில் குறை இருக்கிறது. அதற்குள் நீர் கசிந்தால் மின்னதிர்ச்சி ஏற்படலாம். நாங்களே வீட்டுக்கு வந்து, கட்டணம் இல்லாமல் மாற்றித் தருகிறோம்" என்று தொடங்கினேன். முதலாளி படித்துவிட்டு, "நாமளே ஒத்துக்கிட்டா கேஸ் போட மாட்டாங்களாங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். வழக்கறிஞரிடம் காட்டினோம். உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள், காரணத்தைப் பற்றி ஊகம் எதுவும் வேண்டாம் என்றார். அதற்கு மேல் அவர் எதையும் திருத்தவில்லை.

அப்படியும் நான் ஓரிடத்தில் தவறவிட்டேன். "வரிசை எண்ணைச் சரிபார்த்துத் தொடர்பு கொள்ளவும்" என்று எழுதியிருந்தேன். அறிவிப்பு போன அன்று காலையிலேயே ஓர் அம்மா அழைத்து, "நம்பரு எங்கங்க தம்பி இருக்குது? கல்லோட தூக்கிக் கவுக்கோணுமா?" என்று கேட்டார். எண் எழுதிய ஸ்டிக்கர், கிரைண்டரின் அடிப்பக்கத்தில் ஒட்டப்பட்டிருந்தது. கருங்கல்லும் மோட்டாரும் சேர்ந்த அந்தக் கனத்தைத் தனியாளாகத் தூக்கிக் கவிழ்க்கச் சொல்கிறோம் என்பது, எழுதிய எனக்கும் தோன்றவில்லை, ஒப்புதல் கொடுத்த நால்வருக்கும் தோன்றவில்லை. பட்டறைக்குப் போய், ஒரு கிரைண்டரை மேசைமேல் வைத்து நானே செய்து பார்த்தேன். அன்று மதியமே, "பிளக்கைப் பிடுங்கியபின் பாத்திரத்தையும் கல்லையும் முதலில் வெளியே எடுத்துவிடுங்கள், கிரைண்டரைச் சுவர்ப் பக்கமாகச் சற்றே சாய்த்தால் வயருக்கு அருகே வெள்ளை ஸ்டிக்கர் தெரியும், சாய்க்க முடியாவிட்டால் வேண்டாம், வாங்கிய தேதியைச் சொன்னால் போதும்" என்று திருத்தி அனுப்பினோம். அன்றிலிருந்து, வாசகரைச் செய்யச் சொல்லும் எதையும் நான் ஒருமுறை செய்து பார்க்காமல் எழுதுவதில்லை.

குறுஞ்செய்தியாக அனுப்புவதென்றால் இடக்கணக்கும் சேர்ந்துகொள்ளும். ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி 160 எழுத்து வரை போகும். தமிழில் எழுதினால் அது 70 ஆகக் குறைந்துவிடும். அந்த 70-ம் நாம் கண்ணால் எண்ணும் எழுத்துகள் இல்லை. "மன்னிக்கவும்" என்பதில் நமக்குத் தெரிவது ஏழு எழுத்து. ஒவ்வொரு புள்ளியையும் உயிர்மெய்க் குறியையும் தனித்தனியாகக் கொள்ளும் யூனிகோடு கணக்கில் அது பன்னிரண்டு. "தவிர்க்க முடியாத காரணங்களால்" என்ற மூன்று சொற்களே 28 இடங்களை எடுத்துக்கொள்ளும். எதுவுமே சொல்லாத ஒரு தொடருக்குச் செய்தியில் ஐந்தில் இரண்டு பங்கு! இந்தியாவில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அமைப்பின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, வணிகக் குறுஞ்செய்தியை அனுப்புபவராகத் தெரியும் பெயரையும், டெம்ப்ளேட் எனப்படும் மாதிரி வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்து ஒப்புதல் பெற வேண்டும். நெருக்கடி வந்த பிறகு புதிய வாசகம் எழுதி உடனே அனுப்பிவிட முடியாது. ஆகவே "இந்தப் பொருளில் குறை கண்டோம், பயன்படுத்த வேண்டாம், அழைக்க வேண்டிய எண் இது" என்ற பொருளில் ஒரு டெம்ப்ளேட்டை நல்ல நாளிலேயே பதிவு செய்து வைத்திருங்கள். விளம்பரத்துக்கு வரிசையாக டெம்ப்ளேட் வாங்கும் நிறுவனங்களில் பல, இதற்கு ஒன்றுகூட வாங்குவதில்லை என்பது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

லெட்டர்ஹெட்டில் அச்சிட்டு, கையெழுத்தும் முத்திரையும் போட்டு, அதைப் படமெடுத்து வெளியிடும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். படத்திலுள்ள தொலைபேசி எண்ணைத் தொட்டு அழைக்க முடியாது; பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதைச் சரிவரப் படித்துக் காட்டாது; தேடினாலும் எளிதில் அகப்படாது. படம் வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள், கீழே அதே வாசகத்தை எழுத்தாகவும் கொடுங்கள். "தாங்கள்" என்பதா "நீங்கள்" என்பதா என்று பலர் கேட்கிறார்கள். "நீங்கள்" போதும்; அந்தச் சொல்லிலேயே மரியாதை இருக்கிறது. புதிய கிளை, புதிய பொருள், விருது போன்ற நல்ல செய்திகளுக்கு நீண்ட ஆலோசனை தேவையில்லை: எங்கே, எப்போது, என்ன விலை என்பதை முதல் இரண்டு வரிகளில் சொல்லிவிட்டு, பெருமையைப் பிறகு சொல்லுங்கள்.

எப்போது வெளியிடுவது என்பதில், இணையம் வருவதற்கு நெடுநாள் முன்பே ஒரு வழி காட்டப்பட்டிருக்கிறது. 1906 அக்டோபர் 28 அன்று அமெரிக்காவின் அட்லான்டிக் சிட்டியில் பென்சில்வேனியா ரயில்ரோடு நிறுவனத்தின் ரயில் ஒன்று பாலத்திலிருந்து நீரில் விழுந்ததில் 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விபத்துகளை மூடி மறைப்பதே ரயில் நிறுவனங்களின் வழக்கமாக இருந்த அக்காலத்தில், அந்நிறுவனத்தின் விளம்பர ஆலோசகர் ஐவி லீ, நடந்ததை எழுதிப் பத்திரிகைகளுக்குத் தாமாகவே கொடுத்தார். செய்தியாளர்களை விபத்து நடந்த இடத்துக்கு அழைத்துச் செல்லவும் ஏற்பாடு செய்தார். நியூயார்க் டைம்ஸ் அந்த அறிக்கையை அப்படியே அச்சிட்டது. முதல் பத்திரிகைக் குறிப்பு என்று பலரும் சொல்வது இதைத்தான். முழு விவரமும் கைக்கு வரட்டும் என்று காத்திருப்பவர்களிடம் இதைத்தான் நான் சொல்வேன். தெரிந்ததை முதலில் வெளியிடுங்கள். அடுத்த தகவல் எத்தனை மணிக்கு வரும் என்று எழுதுங்கள். சொல்வதற்குப் புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும் அந்த மணிக்கு "சோதனை இன்னும் முடியவில்லை, அடுத்து மாலை 6 மணிக்குச் சொல்கிறோம்" என்றாவது எழுதுங்கள்.

கிரைண்டர் விஷயத்தில் நாங்கள் நாள்தோறும் மாலையில் ஒரு செய்தி வெளியிட்டோம். மூன்றாம் வாரத்தில் அழைப்புகள் நின்றுபோனபோது, எல்லாம் முடிந்தது என்று நன்றி சொல்லி நிறுத்திவிடலாம் என்றார்கள். ஆனால் பட்டியலில் இன்னும் சிலருடைய கிரைண்டர்கள் சரிசெய்யப்படாமலே இருந்தன. அவர்களில் பலர் எண்ணை மாற்றியிருந்தார்கள், சிலருக்கு அது சீர்வரிசையாகப் போய்ச் சேர்ந்திருந்தது. ஆகவே கடைசிச் செய்தியை, "இன்னும் சிலரை எங்களால் சென்றடைய முடியவில்லை. உங்கள் மகளுக்கோ சகோதரிக்கோ இந்தக் கிரைண்டரைச் சீராகக் கொடுத்திருந்தால், இதை அவர்களுக்கு அனுப்புங்கள்" என்று எழுதினேன். அடுத்த இரண்டு நாட்களில் திருச்சியிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் அழைப்புகள் வந்தன. நிறுவனம் ஊழியர்களை அந்த ஊர்களுக்கே அனுப்பி உறையை மாற்றிக் கொடுத்தது.