சிரித்த முகமும் பாதித் தூக்கமும்

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து பகடை உருட்டி ஆடும் மாயலோக விளையாட்டு ஒன்றைத் தமிழில் தயாரித்து வருகிறோம். அதில் டால்பின்கள் அறிவுள்ள கடல்குடிகள். எப்போதும் சிரித்த முகம், நல்ல மனம், அறிவுப்புள்ளி இருபதுக்கு 18. மனிதர்களுக்கு மந்திரம் சொல்லித்தரும் குருமார்கள் அவை. முதல் சாகசத்தில் கடலடியில் புதைந்த சிவப்பு மாணிக்கத்தைத் தேடித்தரும். இந்த அமைப்பு சரிதானா?
– ஒரு வாசகர், பட்டர்வொர்த்

பதில்: அந்தச் ‘சிரித்த முகம்’தான் உறுத்துகிறது. டால்பின் சிரிப்பதில்லை, தாடையின் வளைவு அப்படி. பசித்தாலும் அதே முகம், வலையில் மாட்டி மூச்சு முட்டினாலும் அதே முகம், கரையொதுங்கிச் செத்துக் கிடந்தாலும் அதே முகம். தேர்தல் போஸ்டரில் வேட்பாளர் பல்லைக் காட்டுவதைப் பார்த்துத் ‘தங்கமான மனுஷன்’ என்று ஓட்டுப் போடுகிறவர்கள் இந்தச் சிரிப்பையும் நம்பலாம். தேர்தல் முடிந்து ஆறு மாதம் கழித்தும் அந்தப் போஸ்டர் மின்கம்பத்தில் வெளிறிப்போய், ஒரு காது கிழிந்து தொங்கியபடி சிரித்துக்கொண்டே இருக்கும். தோற்றவரும் சிரிப்பார். வைப்புத்தொகையைப் பறிகொடுத்தவருக்குச் சிரிப்பு இன்னும் ஒரு சுற்றுப் பெரிது.

நல்ல மனமா? மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் பே விரிகுடாவில் ஆண் டால்பின்கள் இரண்டு மூன்றாகக் கூட்டுச் சேர்ந்து ஒரு பெண்ணை மடக்கி வைத்துக்கொள்கின்றன. அந்தச் சிறு கூட்டுகள் மற்றக் கூட்டுகளோடு சேர்ந்து பெரிய அணியாகி, எதிரணியிடமிருந்து பெண்களைப் பறிக்கின்றன. ஸ்காட்லாந்துக் கடலில் தங்களைவிடச் சிறிய உறவினமான கடற்பன்றிகளை (porpoise) முட்டி மோதி, விலா எலும்பு நொறுங்கக் கொன்றிருக்கின்றன. தின்பதற்காகக்கூட இல்லை. கதையில் ஒருவராவது அப்பழுக்கில்லாமல் இருக்கவேண்டும் என்று கோலாலம்பூர் விமர்சகர் ஒருவர் நெடுநாளாக இந்தப் பகுதியோடு மல்லுக்கட்டுகிறார். அவருக்கும் சேர்த்தே சொல்கிறேன்: குருமார் வேண்டாம், கூட்டணிக் கட்சிகளை வையுங்கள். எந்தக் கூட்டம் எதனோடு உறவு, எதனோடு பகை என்று ஓர் அட்டவணை போட்டு, நாலு ஆட்டத்துக்கு ஒருமுறை பகடை உருட்டி மாற்றுங்கள். ஆனால் ஆட்டக்காரர் செய்த துரோகத்தை மட்டும் அட்டவணையிலிருந்து அழிக்கக் கூடாது. ஒவ்வொரு டால்பினுக்கும் பெயர்போல ஒரு சொந்தச் சீழ்க்கை உண்டு. பிரிந்து இருபது ஆண்டுக்கு மேலான கூட்டாளியின் சீழ்க்கையையும் அவை அடையாளம் கண்டுகொள்வதாக 2013இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

அறிவு 18 என்றால் இருக்கட்டும். மூளை ஒன்றரைக் கிலோவுக்கு மேல். கண்ணாடியில் தெரிவது தானே என்று புரிந்துகொள்கிற பிராணி. அதே கையோடு ‘கைத்திறன்’ என்ற கட்டத்தில் பூஜ்யம் போடுங்கள். பூட்டுத் திறக்காது, முடிச்சுப் போடாது, தீ மூட்டாது. வாயில் ஒரு பொருள், அவ்வளவுதான்.

இனி மந்திரம். தண்ணீருக்குள் மந்திரம் சொன்னால் மூச்சுப் போய்விடும் என்றுதான் விதி எழுதுகிறவர்கள் நினைப்பார்கள். போகாது. டால்பினின் குரல் தொண்டையில் பிறப்பதில்லை. தலைக்குள், மூச்சுத்துளைக்குச் சற்றுக் கீழே உதடுபோல இரண்டு ஜோடி மடிப்புகள் இருக்கின்றன. காற்று அவற்றின் வழியே போய் மேலே உள்ள பைகளில் நிறைந்து, திரும்ப உள்ளேயே வந்துவிடுகிறது. எனவே மந்திரத்துக்கு மூச்சுப்புள்ளி கழிக்காதீர்கள், ஆழத்துக்குக் கழியுங்கள். 10 மீட்டரில் காற்று பாதியாகச் சுருங்கும், 30 மீட்டரில் கால்வாசி. மேற்பரப்பில் 4 பகடை பலமுள்ள மந்திரம் 10 மீட்டரில் 2, 30 மீட்டரில் 1. கணக்கு கச்சிதமாக உட்காருகிறது. மூச்சுக்குத் தனியாக 8 புள்ளி, நிமிடத்துக்கு ஒன்று. சண்டையிலும் விரட்டலிலும் இரண்டு.

உறக்க மந்திரத்தில்தான் ஆட்டம் கவிழும். டால்பின் மூளையின் ஒரு பாதியைத் தூங்கவைத்து மறுபாதியால் நீந்தும், மூச்சு விடும். நம்மைப்போல மூச்சு தானாக நடப்பதில்லை. ஒவ்வொன்றையும் நினைத்துத்தான் எடுக்கவேண்டும். முழுத் தூக்கம் என்று எழுதிவிட்டால் அது கொலை மந்திரம். முதல்நிலை மந்திரவாதி ஒருவன் ஒரு கூட்டத்தையே மூழ்கடித்துவிட்டுப் போவான். ‘அறிவு பாதியாகும், ஒரு கண் மூடும், நீச்சல் நிற்காது’ என்று எழுதுங்கள்.

ஒலி எழுப்பி, எதிரொலியால் பொருளைக் காணும் ஒலிப்பார்வைக்கும் எல்லை வேண்டும். ஹவாயில் நடந்த சோதனையில் 7.6 செ.மீ. உருண்டை ஒன்றை டால்பின் கண்டுகொண்ட தூரம் சுமார் 110 மீட்டர். அதுவும் தலைக்கு நேர் முன்னால், டார்ச் வெளிச்சம் விழுகிற அளவுக் குறுகிய பாதையில்தான். பின்னாலிருந்து பதுங்கி வந்தால் தெரியாது. மறைமந்திரம் போட்டவன் மட்டும் வசமாக மாட்டுவான். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நெஞ்சுக்கூட்டில் காற்று இருக்கிறதே, அது ஒலியைப் பளிச்சென்று திருப்பி அடிக்கும். தப்பிக்க வழி நீர்க்குமிழித் திரை. டால்பினுக்குத் தலைக்கவசம் மாட்டி வரைகிற ஓவியர்கள் உண்டு, விட்டுவிடாதீர்கள். ஒலி நெற்றிக் கொழுப்பின் வழியே போகிறது, எதிரொலி கீழ்த்தாடை வழியே காதுக்கு வருகிறது. இரண்டையும் இரும்பால் மூடினால் குருடும் செவிடுமான வீரன்தான் மிச்சம்.

மாணிக்கத்தை மணலுக்குள்ளிருந்து தோண்டித் தரும், சந்தேகமில்லை. கல்லா கண்ணாடியா என்று எதிரொலியிலேயே பிரித்துச் சொல்லவும் செய்யும். சிவப்பா பச்சையா என்று மட்டும் கேட்காதீர்கள். அதன் கண்ணில் நிறம் பார்க்கும் செல்களில் ஒரே வகைதான். விஷம் கலந்த கஷாயத்தை மோந்து பார்க்கச் சொல்வதும் வீண். அதற்கு மோப்பமே இல்லை.

எல்லாம் சரி, பட்டர்வொர்த்தில் இருந்துகொண்டு எதற்கு அமெரிக்கத் தொலைக்காட்சியின் நீள்மூக்கு டால்பின்? நம் கடல் கலங்கிய கடல். இங்கே இருப்பது மூக்கே இல்லாத மொட்டைத்தலை ஐராவதி டால்பின். வாயால் தண்ணீரைப் பீய்ச்சி மீனை ஒதுக்கும். மியன்மாரில் மீனவர் படகின் பக்கவாட்டில் கட்டையால் தட்டிக் கூப்பிட, மீனை வீச்சுவலைக்கு விரட்டித் தருகிறது. கூலி, வலையிலிருந்து தப்பி ஓடும் மீன். மந்திர ஒப்பந்தத்துக்கு இதைவிட நல்ல அச்சு கிடைக்காது. அடுத்து கூன்முதுகு டால்பின்: குட்டியில் கருஞ்சாம்பல், வளர்ந்தால் இளஞ்சிவப்பு. வயது காட்ட எண்ணே தேவையில்லை, தோல் போதும்.

வில்லன் வேண்டுமானால் கடல்பூதம் தேடி அலையாதீர்கள், மோட்டார் படகு போதும். பக்கத்தில் ஓடினால் சீழ்க்கைப் பேச்சின் தூரம் பாதி. ஃபெரி வந்தால் அந்தச் சுற்றில் பேச்சே இல்லை. ஃபெரி என்றதும் ஞாபகம் வருகிறது: பட்டர்வொர்த்துக்கும் பினாங்குத் தீவுக்கும் இடையே ஓடிய பழைய ஃபெரிகள் 2020 முடிவோடு நின்றன. 2023 ஆகஸ்டில் வந்த புதியவற்றில் மோட்டார் சைக்கிளுக்கு இடம் உண்டு, காருக்கு இல்லை. இதை எழுதும்போதெல்லாம் ‘அதான் பாலம் இருக்கே’ என்று நாலு கடிதம் வருகிறது. எழுதுகிறவர்கள் சாயங்காலம் ஆறு மணிக்குப் பாலத்தின் நடுவில் காரில் உட்கார்ந்து எழுதட்டும். முழுநீளக் கட்டுரையே எழுதி முடிக்க நேரம் இருக்கும்.