வாசகர் கேள்வி – பதில்: ஆனி மாதத்துச் சூரியன்

கேள்வி: ஜேர்மனியில் இருக்கும் என் மகள், ஜூன் மாதக் கடைசியில் ஊர்கூடித் தீ மூட்டும் விழாவொன்றுக்குப் போனதாகவும், இரவு பத்து மணிக்கும் வானம் வெளித்திருந்ததாகவும் கூறினாள். அது என்ன விழா? அங்கே பகல் அவ்வளவு நீளும்போது இங்கே வித்தியாசம் தெரியாதது ஏன்?
— வாசகி, உப்புவெளி

பதில்: அம்மா, உங்கள் மகள் கண்டது ‘யொகானிஸ்’ தீயாக இருக்க வேண்டும். திருமுழுக்கு யோவானின் பிறந்தநாள் ஜூன் 24. அதற்கு முந்திய இரவில் விறகடுக்கி எரித்து, தீ தணிந்துவரும் வேளையில் இளஞ்சோடிகள் கைகோத்து அதைத் தாண்டுவார்கள். பவேரியாவில் 2962 மீற்றர் உயரமான சுக்ஸ்பிற்ஸ மலையைச் சூழ்ந்த முகடுகளிலும் இக்காலத்தில் தீ ஏற்றுவதுண்டு. நாங்கள் இலைக்கஞ்சிக்கு எடுக்கும் சாத்தாவாரியின் இனத்தைச் சேர்ந்த அஸ்பரகஸ் குருத்தை வெட்டுவதையும் அந்நாளோடு நிறுத்திவிடுவர். அடுத்த ஆண்டுக்குச் செடி தேறவேண்டும் என்பதே காரணம்.

விழாவுக்கு அடிப்படையான வானியல் நிகழ்வு ஜூன் 21ஐ ஒட்டி வருகிறது. பூமியின் அச்சு 23.4 பாகை சரிந்திருப்பதால், அன்று சூரியன் கடகக்கோட்டுக்கு நேர் மேலே நின்று, பின்னர் தெற்கு நோக்கித் திரும்புகிறது. இதைக் கதிர்த்திருப்பம் என்கிறோம். 52.5 பாகை வடக்கிலுள்ள பேர்ளினில் அன்றைய பகல் 16 மணித்தியாலம் 50 நிமிடம். நள்ளிரவில்கூடச் சூரியன் அடிவானுக்குக் கீழே 14 பாகைக்கு மேல் இறங்காததால், இருள் முழுமையாகக் கவிவதில்லை. திருகோணமலையோ 8.6 பாகையில், மத்தியகோட்டுக்கு அருகில் இருப்பதால், எங்களுடைய மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மணித்தியாலமே வேறுபாடு. ஆனியில் எங்களை வாட்டும் வெக்கைக்குப் பகலின் நீளமன்று, மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வரண்டு இறங்கும் கச்சான் காற்றே பெருங்காரணம்.

ஆயினும் வித்தியாசமே தெரியாது என்பதை நான் ஏற்கமாட்டேன். ஜேர்மனியின் நேப்ரா என்ற ஊருக்கு அருகே 1999இல் தோண்டியெடுக்கப்பட்ட வெண்கலத் தட்டொன்று ஏறக்குறைய 3600 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்டது. அதன் விளிம்பிலுள்ள பொன் வில் 82 பாகை விரிகிறது. மார்கழிக்கும் ஆனிக்கும் இடையில் சூரிய உதயம் அவ்விடத்து அடிவானில் நகரும் அகலம் அதுவே என்பது ஆய்வாளர் விளக்கம். எங்களுக்கு அந்த அகலம் ஏறக்குறைய 47 பாகை. கோணேசர் கோயில் மலையில் நின்று, டிசெம்பரில் ஒரு விடியலையும் ஜூனில் ஒரு விடியலையும் பாருங்கள். தென்கிழக்குப் பக்கமாகக் கடலிலிருந்து எழுந்த சூரியன் வடகிழக்குப் பக்கம் போயிருப்பதைக் கண்ணால் காண்பீர்கள்.

கேள்வி: பஞ்சாங்கம் தட்சணாயனத்தை ஆடி முதலாம் நாளில் வைக்கிறது. சூரியன் ஜூன் 21இல் திரும்புவதாக விஞ்ஞானப் புத்தகம் சொல்கிறது. எது சரி?
— வாசகர், தம்பலகாமம்

பதில்: ஐயா, இது நல்ல கேள்வி. வாக்கியமாயினும் திருக்கணிதமாயினும், எங்கள் பஞ்சாங்கங்கள் சூரியனை நட்சத்திரங்களை வைத்தே அளக்கின்றன. பூமியின் அச்சு, சுழலும் பம்பரத்தின் தலைபோல மெல்லத் தலைசுற்றுவதால், கதிர்த்திருப்பப் புள்ளி நட்சத்திரங்களுக்கிடையே 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை வீதம் பின்வாங்குகிறது. ஏறக்குறைய 1700 ஆண்டுகளுக்கு முன் ஆடிப் பிறப்பும் கதிர்த்திருப்பமும் ஒன்றாகவே இருந்தன. இன்று 25 நாள் விலகிவிட்டன. ஜேர்மனியரின் 24ஆம் திகதியும் வானத்தின் நாளிலிருந்து சற்று விலகியதே.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு மீற்றர் உயரமான தடியை முற்றத்தில் நிமிர்த்தி நட்டு, ஜூன் 21இல் நண்பகல் 12.07 அளவில் பாருங்கள். சூரியன் எங்களுக்கு வடக்கே 15 பாகை சாய்ந்திருப்பதால், நிழல் தெற்கே ஏறக்குறைய 27 சென்ரிமீற்றர் விழும். அதற்கு முன்பின் மூன்று நாட்களில் நுனி அசைந்ததாகவே தெரியாது. ஆடி முதலாம் நாள் வரும்போது அது ஏறக்குறைய 22 சென்ரிமீற்றருக்குக் குறுகியிருக்கும். ஓகஸ்ட் மாதக் கடைசியில் சூரியன் எங்களுக்கு உச்சம் கொடுக்கையில் நிழல் தடியின் அடியிலேயே ஒடுங்கிவிடும்.