பார்க்கில் பெல் அடித்தால் முறைக்கிறார்கள், அடிக்காவிட்டால் திட்டுகிறார்கள். சைக்கிள்காரர் என்னதான் செய்வது?

பெல் அடித்த பிறகு பிரேக்கைத் தொட்டீர்களா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

நான் பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன், கப்பன் பார்க் எனக்குப் பக்கம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளே கார், பைக் விடமாட்டார்கள் என்பதால் அன்று அந்த ரோடு முழுக்க ஜனம்: ஸ்கேட்டிங் கற்கும் பிள்ளைகள், நாய் கூட்டிவந்தவர்கள், டாக்டர் சொன்னதற்காக நடக்கும் பெரியவர்கள், அப்புறம் நம்மைப் போல சைக்கிள்காரர்கள். நீங்கள் கேட்டிருக்கும் அந்த முறைப்பை நான் இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் சைக்கிள் எடுக்காத நாளில் அங்கேயே நடக்கவும் செய்கிறேன்.

நடப்பவர் காதில் உங்கள் பெல் எப்படிக் கேட்கிறது என்று பாருங்கள். நீங்கள் மணிக்கு 20 கிலோமீட்டரில் வருகிறீர்கள், அவர் 5-ல் போகிறார் என்றால் இருவருக்கும் நடுவில் உள்ள தூரம் விநாடிக்கு நாலு மீட்டருக்கு மேல் குறைந்துகொண்டே வரும். முதுகுக்குப் பின்னால் 5 மீட்டரில் வந்து அடித்தால் அவருக்குக் கிடைப்பது ஒரு விநாடி சொச்சம், அதில் திடுக்கிடத்தான் முடியும், ஒதுங்க முடியாது. அதே பெல்லை 20 மீட்டருக்கு முன்னாலேயே ஒரு முறை மெதுவாக அடித்தால் கிட்டத்தட்ட ஐந்து விநாடி இருக்கிறது. அடித்துவிட்டுப் பெடலை நிறுத்தி, அவர் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும். இதைத்தான் பலர் செய்வதில்லை. பெல் சத்தம் கேட்டதும் பலர் தோள் வழியாகத் திரும்பிப் பார்ப்பார்கள், பார்க்கும்போது காலும் அந்தப் பக்கமே இரண்டடி போகலாம், அது நீங்கள் ஓவர்டேக் பண்ண நினைத்த அதே பக்கமாகவும் இருக்கலாம். அவர் மேல் தப்பில்லை, உடம்பு அப்படித்தான் திரும்பும். அதனால் அவர் பார்த்து முடித்து ஒரு பக்கமாக நிலைத்த பிறகு கடந்து போங்கள், கையெட்டும் தூரத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக இடைவெளி விட்டு.

காதில் இயர்போன் இருந்தால் பெல் கேட்காது. வேகத்தைக் குறைத்துப் பக்கத்தில் வரும்போது 'சார், சைடு' என்றால் போதும், இந்த ஊரில் தமிழோ கன்னடமோ இந்தியோ பேசுகிற எல்லோருக்கும் அது புரியும். அப்பா ஒரு ஓரம், அம்மா ஒரு ஓரம், நடுவில் மூன்று வயதுப் பிள்ளை என்று வந்தால் பெல்லும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், காலை ஊன்றி நின்றுவிடுங்கள், அது யாரிடம் ஓடும் என்று அதற்கே தெரியாது. நாய்க்கும் இதேதான், முக்கியமாக நாய் ஒரு பக்கமும் ஆள் ஒரு பக்கமும் நடுவில் மெல்லிய கயிறும் இருக்கும்போது, ஏனென்றால் அந்தக் கயிறு காலை வெயிலில் கண்ணுக்கே தெரிவதில்லை.

இதெல்லாம் செய்தால் சராசரி வேகம் போய்விடுமே என்று வேகமாகப் போகும் ரோடு சைக்கிள் வைத்திருக்கும் நண்பர்கள் கேட்பார்கள். போகத்தான் செய்யும். ஓட்டிய தூரத்தையும் நேரத்தையும் பதிவு செய்யும் ஸ்ட்ராவா ஆப்பில் நேரம் குறைக்க வேண்டும் என்றால் விடிவதற்கு முன்னால் கிளம்பி ஊருக்கு வெளியே நந்தி மலைப் பக்கம் போங்கள், பார்க் அதற்கான இடம் இல்லை. கூட்டம் நடை வேகத்துக்கு வந்துவிட்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. பல ஏரிக்கரை நடைபாதைகளில் சைக்கிளுக்குத் தடை என்று போர்டே வைத்திருக்கிறார்கள், அந்தப் போர்டுகள் வந்ததற்குப் பாதிக் காரணம் நம்மில் சிலர் ஓட்டிய ஓட்டம்தான் என்பது என் எண்ணம்.

2020-ல் அவுட்டர் ரிங் ரோட்டில் கம்பம் நட்டு சைக்கிளுக்கென்று ஓரமாகத் தடம் பிரித்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? சைக்கிள் தடத்திலும் நடைபாதையிலும் மோட்டார் வண்டி ஏறக்கூடாது என்று விதி இருந்தும், பைக்குகள் அதற்குள்ளேயே புகுந்து பின்னாலிருந்து ஹார்ன் அடித்தன. நமக்கு எப்படி எரிந்தது! வழி நம்முடையது, ஆனால் வேகமாக வருகிறவன் நம்மை ஒதுங்கச் சொல்கிறான். பார்க்கில் நடக்கிறவருக்கு நாம்தான் அந்த பைக்காரன். வேகமாக வருகிறவர்தான் பார்த்துப் போக வேண்டும், யாருக்கு முதல் உரிமை என்ற சண்டையே அங்கே தேவையில்லை.

நடப்பவர்களையும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. நாலு பேர் கைகோத்து ரோட்டின் முழு அகலத்துக்கும் போவது, பேசிக்கொண்டே சட்டென்று யூ டர்ன் அடிப்பது, நடு ரோட்டில் நின்று செல்ஃபி எடுப்பது, இதெல்லாம் நடக்கிறதுதான். இடது பக்கமாக இரண்டிரண்டு பேராக நடந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். ஆனால் அவர்கள் செய்யாவிட்டாலும் மோதினால் விழப்போவது இருவரும்தான், எழுபது வயதுக்காரர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அது சின்ன விஷயம் இல்லை.

மாலையில் ஓட்டுவீர்கள் என்றால் முன் லைட்டைத் தரையைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள், பளிச் பளிச்சென்று மின்னும் மோடு வேண்டாம், எதிரே வருபவருக்குக் கண் கூசி நீங்கள் இருக்கும் தூரமே தெரியாது. அப்புறம் பேட்டரியில் ஓடும் ஹார்ன் எல்லாம் வாங்காதீர்கள், சாதாரண 'டிங்' பெல் போதும்.